மழைப் பதக்கம்

வானிலை அதிகாரியின் சட்டையில் பதக்கத்தைக் குத்திவிட்டு அமைச்சர் மைக்கைப் பிடித்தார்.

"மழையைச் சொல்றதுல பக்கத்து நாட்டுக்காரன் மண்ணைக் கவ்விட்டான். மூணு மாசமா நம்மாளு சொன்னது சொன்னபடி கொட்டுது. இனி அவன் தயவு எதுக்கு? இன்னையிலேருந்து அந்த நாட்டோட போன் பேச்சுகூடக் கிடையாது."

கைத்தட்டலில் கூரை அதிர்ந்தது. அதிகாரிக்கு மட்டும் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

மேடையை விட்டு இறங்கியதும் அமைச்சர் அவர் தோளில் கைபோட்டார். "நாளைக்கு என் மக கல்யாணம். திறந்தவெளி, மூவாயிரம் பேர். மழை வருமாய்யா?"

"தெரியலீங்க ஐயா."

"விளையாடாதேய்யா. நம்ம கருவி என்ன சொல்லுது?"

"அது ரிப்பேராகி ரெண்டு வருஷம் ஆச்சுங்க. இந்தப் பருவத்துல மழை அங்க பெஞ்சிட்டு மறுநாள்தான் இங்க வரும். தினமும் அந்த நாட்டு வானிலை அதிகாரிக்குப் போன் போட்டு, 'அண்ணே, நனைஞ்சீங்களா'ன்னு கேட்டுக்குவேன். காத்து திசை மாறினா அவர் என்னைக் கேப்பார். அப்போ பதக்கம் அவருக்கு."

அமைச்சர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த உத்தரவு நாளன்னைக்குத்தான் அமலுக்கு வருதுய்யா. முதல்ல அண்ணனுக்குப் போன் போடு."