மூன்றாவது கோழி

நார்வேயின் பெர்கன் நகரில் துரீத் வளர்த்த மூன்றாவது கோழியும் காலையில் திடீரென்று செத்துக் கிடந்தது. உடம்பில் ஒரு காயமில்லை.

"பக்கத்து வீட்டு உத்வார்தான் விஷம் வைக்கிறான் டாக்டர். சேவல் கூவுதுன்னு சண்டை போட்டதிலேருந்து எங்களுக்குள்ள பேச்சே இல்ல," என்று துரீத் வேலியோரம் நின்றவரைக் காட்டினாள். "மிச்சம் ரெண்டுதான் இருக்கு. அதையாவது காப்பாத்துங்க!"

கோழியை அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர் நிமிர்ந்தார். "விஷமில்லம்மா. கொழுப்பேறி ஈரல் வெடிச்சிருக்கு. அப்படி என்ன போடுறீங்க?"

"வெறும் தானியம்தான்!"

உத்வார் தொண்டையைச் செருமினார். "நான்தான் போட்டேன். உன்கிட்ட மன்னிப்புக் கேக்கலாம்னு தினமும் வெண்ணெய் போட்டு வாஃபிள் சுட்டு எடுத்துட்டு வருவேன். கிட்ட வந்ததும் தைரியம் போயிடும். கோழிக்குப் போட்டுட்டுத் திரும்பிடுவேன்."

துரீத் வேலிக் கதவைத் திறந்தாள்.

"அட மனுஷா! கோழிங்க பிழைக்கட்டும். நாளைக்கு வாஃபிளோட நேரா உள்ள வா. காபி நான் போடுறேன்."