கடைசி மூலை ஸ்டால்

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. இதை அவ்வளவு கிட்டத்துல நின்னு பார்க்கக் கூடாது."

அந்தப் பெண் பின்னால் நகர்ந்தாள். "இப்போ?"

"ஜன்னல் ஓரமா ஒருத்தி நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கா. மடியில குழந்தையோட செருப்பு. ஒத்தைச் செருப்பு."

"இன்னொண்ணு?"

"அதைத்தான் ஜன்னல் வழியா தேடிக்கிட்டிருக்கா."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரேன். இருப்பீங்கல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"அளந்தது போதும், கொஞ்சம் தண்ணி குடிங்க" என்றாள், பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனைவி.

"பின்ன? வரைஞ்சவனைக் கேட்டா, 'ரெண்டு செருப்புக்கு இடம் பத்தலை சார்'ம்பான். மீதியெல்லாம் என் வாய் பூசின சாயம்."

"எனக்குத் தெரியாதா? வராத பஸ்ஸையே 'இதோ புறப்படத் தயாராக உள்ளது'னு காலமெல்லாம் மைக்குல சொன்ன வாயாச்சே!"

பேருந்து நிலைய அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சும்மா இருக்க முடியாமல், மனைவியின் தையல் கடையில் முன்பாதியைப் பிடுங்கிக்கொண்டு ஓவியக் கேலரி ஆரம்பித்தார். அளவு கொடுக்க வருகிறவர்கள் காத்திருக்கும் நேரத்தில் படம் பார்ப்பார்கள். "இந்தப் படத்துல இருக்கிற மாதிரியே கழுத்து வச்சுத் தைச்சிடுங்க" என்பார்கள். இதுவரை அவர் கேட்ட கலை விமர்சனம் அவ்வளவுதான். ஊரில் அவருக்கு 'மியூசியம்' என்று பட்டப்பெயர். கேலி என்று தெரிந்தும், யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துத் தொலைப்பார்.

அப்பேர்ப்பட்டவருக்கு நகரத்தில் நடக்கும் நவீன ஓவியச் சந்தையில் ஒரு ஸ்டால் கிடைத்தது. விளம்பரப் பலகை எழுதுகிறவர், பள்ளி டிராயிங் மாஸ்டர் என்று உள்ளூர்க்காரர்கள் வரைந்ததில் நான்கு படங்களைப் பொறுக்கி எடுத்தார். பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கோடும் அவருக்கு மனப்பாடம்.

"இந்த ஒரு தடவைதான். எடுபடலைன்னா முன்பாதியில நான் இன்னொரு மிஷின் போட்டுடுவேன்" என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

முதல் நாள் காலையில் ஸ்டாலுக்குள் நின்று சுற்றிப் பார்த்தபோது மியூசியத்துக்கு அழுகையே வந்துவிட்டது. எதிர்வரிசையில் கண்ணாடியும் விளக்குமாகப் பெரிய கேலரிகள் ஜொலித்தன. இவருடையது கழிப்பறைக்குப் பக்கத்து மூலை. இந்தப் பக்கம் வருகிறவர்கள் எல்லாம் வேறு அவசரத்தில் வருகிறவர்கள். சாத்திவிட்டு ஊரைப் பார்க்கப் போகலாம் என்றால், சாத்துவதற்கு ஸ்டாலுக்குக் கதவும் இல்லை.

"வந்தாச்சு. இனிமே அழுது என்ன ஆகப்போகுது?" மனைவிதான் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டாள். "உங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வேலை பேசுறது. போய்ப் பேசுங்க."

பேசினார். அவசரமாக உள்ளே போனவர்கள், நிதானமாகத் திரும்பும்போது நின்றார்கள். நின்றவர்கள் ஆள் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். மறுநாள் மூலையில் நிற்க இடமில்லை. அவர் சொன்ன படகுக்குப் பின்னால் இருப்பது நீலமா பச்சையா என்று இரண்டு கல்லூரிப் பெண்கள் சண்டையே போட்டார்கள்.

"ரெண்டு பேரும் சொல்றது சரிதாம்மா" என்று சமாதானம் செய்துவைத்தார் மியூசியம்.

எதிர் ஸ்டால்காரர் எட்டிப் பார்த்தார். "இவ்வளவு கூட்டம் வருதே, காவலுக்கு ஆள் போடலையா?"

"இங்கருந்து யாரு சார் என்னத்தைத் தூக்கிட்டுப் போகப்போறாங்க?"

தாடி வைத்த விமர்சகர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். "இவ்வளவு துணிச்சலை நான் எங்கேயும் பார்த்ததில்ல. ஒரு சின்ன ஊர்ல இப்படியெல்லாம் சிந்திக்கிறாங்களா?"

"சிந்தனையெல்லாம் இல்ல சார். எங்க நிலைமை அப்படி."

"ஆஹா!" என்று விமர்சகர் கண்ணை மூடிக்கொண்டார். மனைவி சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தாள்.

மூன்றாம் நாள், சந்தை முடியும் நேரத்தில், நகரத்தின் கலை மியூசியத்திலிருந்து அதன் தலைவியே வந்தார். நான்கையும் ஒன்றுவிடாமல் கேட்டார். ஒத்தைச் செருப்பை மட்டும் இரண்டாவது முறை சொல்லச் சொன்னார்.

"எங்களுக்கு நாலும் வேணும்" என்றார் கடைசியில். "ஆனா ஒரு மாத்தமும் பண்ணக் கூடாது. இங்க எப்படி இருக்கோ அப்படியே அங்கேயும் இருக்கணும். பக்கத்துல நின்னு நீங்கதான் பேசணும்."

மியூசியம் கையைக் கூப்பினார். "அம்மா, நான் வெறும் பஸ் ஸ்டாண்டு மைக். வரைஞ்ச நாலு பேரோட பேரும் பெருசா இருக்கணும். எனக்கு அது போதும்."

"கண்டிப்பா" என்று கைகொடுத்துவிட்டுப் போனார் அவர்.

மியூசியம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "முன்பாதி உங்களுக்கே" என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது.

"சார், லாரி டிரைவர் பேசுறேன். மன்னிச்சுக்குங்க சார், வண்டி ரிப்பேராகி மூணு நாளா நடுவழியில மாட்டிக்கிட்டேன். இப்பதான் வாசலுக்கு வந்தேன். உங்க நாலு படமும் பத்திரமா இருக்கு. உள்ள கொண்டுவந்து மாட்டிடவா?"

மியூசியம் வாயைத் திறப்பதற்குள் மனைவி கைப்பேசியைப் பிடுங்கினாள். நான்கு ஆணிகளைத் தவிர வேறெதுவும் இல்லாத அந்த வெள்ளைச் சுவரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"ஐயோ, இறக்கிடாதேப்பா! அப்படியே ஊருக்குத் திருப்பு!"