வெளியிலிருந்து ஒன்றும் வராது

"ஏங்க, இந்தக் கம்ப்யூட்டருக்கு ஆன்டி-வைரஸ் போட வேண்டாமா?" என்று கேட்டாள் கோகிலவாணி.

சயானுக்குப் பஸ் ஏறிப் போய்க் கஷ்டப்படும் வேலையை விட்டுவிடு, செம்பூரில் வீட்டிலிருந்தபடியே நாலு கடைக்குக் கணக்கு எழுது என்று சொல்லி, கணவன் சுரேந்திரன் போன வாரம் ஆசையாக வாங்கித் தந்த கம்ப்யூட்டர் அது.

"பேகார் செலவு, வீண் தண்டம். அதுலயே ஒண்ணு இருக்குல்லா, அது போதும்," என்றான் அவன்.

"கண்டதும் உள்ள பூந்துட்டா?"

"நீ கண்ட லிங்க்கைத் தொடாம இருந்தா, வெளியிலருந்து ஒண்ணும் வராது."

"காலையில ஓசியில கிடைச்ச ஒண்ணைப் போட்டுப் பாத்தேங்க. ஒரு புரோகிராமைப் பிடிச்சிருக்கு. நான் தட்டுற ஒவ்வொரு எழுத்தையும் உடனுக்குடன் யாருக்கோ மெயில்ல அனுப்புதாம்."

சுரேந்திரன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "அழிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல. யாருக்குப் போகுதுன்னு தெரிய வேண்டாமா?"

அவள் கீபோர்டை இழுத்து ஒரே ஒரு வரி தட்டினாள். சுரேந்திரனின் சட்டைப்பையில் போன் 'டிங்' என்றது.

"எடுத்துப் படிங்க," என்றாள் கோகிலவாணி.

வேறு வழியில்லாமல் படித்தான்.

'நாளையிலிருந்து நான் சயானுக்கே வேலைக்குப் போகிறேன்.'