புள்ளியில் முடிவிலி

இரண்டாவது விடையின் மேல் கோடு இழுக்கப் போன கை நின்றுவிட்டது.

சாக்பீஸ் பலகையைத் தொட்டபடி இருக்கிறது.

ஒரு சமன்பாடு. இரண்டு விடை. ஒன்று சாது. இன்னொன்று, நடுவில் ஒரு புள்ளியை நெருங்க நெருங்க ஏறும். புள்ளியிலேயே முடிவிலி.

முடிவிலிக்குப் போகிற விடையை அடித்துவிட வேண்டும். எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான். ஆய்வேட்டில் அவளும் அடித்தாள். அடித்துவிட்டு, அளவே இல்லாத ஒரு புள்ளியால் ஒரு துகளைப் பிடித்துவைக்க முடியாது என்று கடைசி அத்தியாயத்தை முடித்தாள்.

இன்று வாய்மொழித் தேர்வு. தேறினால் முனைவர் பட்டம். பட்டத்துக்காக ஒரு கல்லூரி வேலை காத்திருக்கிறது.

கடைசி வரிசையில் அண்ணன். அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவன். அவன் முதுகில்தான் இவள் படித்தாள். துறைக்கே பிரியாணி கொண்டுவந்திருக்கிறான். தேறுகிறவர் வீட்டுச் சாப்பாடு, இங்கே அது வழக்கம்.

“முடிஞ்சிருச்சா சார்? பிரியாணி ஆறுது.”

பக்கத்திலிருந்த பேராசிரியர் குனிந்து சொன்னார்: “சும்மா இருப்பா. ஒரு கோடு போட்டா முடிஞ்சுது.”

“அப்ப போட வேண்டியதுதானே?”

அவள் போடவில்லை.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டதுதான் காரணம். பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, எல்லாரிடமும் கேட்கிற மாதிரி: “அதை ஏம்மா அடிக்கிறீங்க?”

துகள் எங்காவது இருந்தாக வேண்டும். எங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் விடை சொல்கிறது; எல்லா இடத்து வாய்ப்பையும் கூட்டினால் ஒன்று வர வேண்டும். முடிவிலியைக் கூட்டினால் வராது. இதுதான் பதில். வாய்வரை வந்துவிட்டது.

அதற்குள் மனசு கூட்டிப் பார்த்தது.

நெருங்க நெருங்க விடை ஏறுகிறது. ஆனால் நெருங்க நெருங்க இடமும் குறைகிறது. ஏறுகிற ஏற்றத்தையெல்லாம் அந்தக் குறைச்சல் தின்றுவிடுகிறது.

பலகையின் ஓரத்தில் போட்டுக் கூட்டினாள்.

ஒன்று.

மறுபடி கூட்டினாள்.

ஒன்று.

அப்படியென்றால் பிடிக்கிறது.

நீளம் கிடையாது, அகலம் கிடையாது, அது பிடித்துவைத்திருக்கிறது. பிடிபட்டது அதற்குள்ளே இல்லை. உள்ளே என்று ஒன்றே கிடையாது. முழுக்க வெளியே, சுற்றிலும், தூரம் போகப் போகத் தேய்ந்து.

விட்டுப் போக முடியாமல்.

இத்தனை வருஷமும் இது இங்கேதான் இருந்திருக்கிறது. அவள் அடித்த கோட்டுக்கு அடியில்.

முன்வரிசையிலிருந்து அவளுடைய ஆய்வு நெறியாளர் விரலை அசைத்தார். கோடு போடு, போடு.

சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

“அடிக்கக் கூடாது சார். என் கடைசி அத்தியாயம் தப்பு.”



அதுவரை ஒன்றும் புரியாத அண்ணனுக்கு, ‘தப்பு’ புரிந்தது. எழுந்துவிட்டான்.

தங்கச்சி முகத்தில் பயத்தைத் தேடினான். இல்லை. அவள் பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. என்னதான் இருக்கிறது என்று அவனும் நின்றபடியே பார்த்தான்.

தேர்வாளர் புரட்டுவதை நிறுத்தியிருந்தார். பலகையை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார். ஓரத்துக் கூட்டலை இரண்டு முறை படித்தார்.

“எவ்வளவு இறுக்கமாப் பிடிக்குது?”

“சமன்பாடு சொல்லாது சார். அந்தப் புள்ளிக்குன்னு ஒரே ஒரு எண் இருக்கு. அதை நாமதான் போய்க் கண்டுபிடிக்கணும்.”

“கண்டுபிடிச்சிட்டீங்களா?”

“இல்ல சார். இப்பத்தான் பார்க்கிறேன்.”

அவர் கையெழுத்துக்குத் திறந்த பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

“நான் மறுபடி எப்போ வரட்டும்?”