கலங்கல் தண்ணீர்

ஆறு வற்றிப்போய் வெறும் மணலாய்க் கிடந்தது. குட்டிக்குக் கொடுக்கப் பால் ஊறாமல் மான் தவித்தது. யானை மணலைக் காலால் தோண்டி ஊற்று எடுத்தது. கொஞ்சம் தண்ணீர் கசிந்ததும் தும்பிக்கையால் உறிஞ்சி வெளியே பீய்ச்சியது.

"அடிப்பாவி அக்கா! இந்தப் பஞ்சத்துல தண்ணியை இப்படியா கொட்டுவே?" என்று காட்டுப்பன்றி கத்தியது.

"கலங்கலை இறைச்சாத்தான்டா தெளிஞ்ச தண்ணி ஊறும். பேசாம இரு" என்று யானை மறுபடியும் பீய்ச்சியது. அது பன்றியின் மூஞ்சியிலேயே விழுந்தது.

குழியில் தெளிந்த தண்ணீர் ஊறியது. மான் வயிறு நிறையக் குடித்தது. கொஞ்ச நேரத்தில் குட்டி மடியை முட்டி முட்டி, வாயோரம் பால் வழியக் குடித்தது.

"பன்றித் தம்பி, நீயும் வந்து குடி" என்று யானை கூப்பிட்டது.

பன்றி வரவில்லை. இறைத்த சேற்றில் மல்லாந்து கிடந்தபடி, "அக்கா, இன்னும் கொஞ்சம் இறைங்களேன், வயிறு நனையவே இல்ல!" என்றது.