ஒரே தோட்டத்துக் கீரை

“பிடிச்சுட்டேன்! கையும் களவுமா பிடிச்சுட்டேன்!”

மாட்டுங்கால, அபார்ட்மெண்ட் சொசைட்டி கேட்ல நின்னு ஜெயராம் சார் கத்துன கத்துல, வாட்ச்மேன் எவனோ திருடன்னு நெனச்சு தடியோட ஓடியாந்துட்டான்.

திருடனாவது, மண்ணாவது. அங்க நின்னது சகாயராணி. தெனம் காலையில அந்த கேட்ல கூடைய எறக்கி, ‘மருந்தடிக்காத கீரை’ன்னு விக்கிறவ.

“என்ன சார், விடிஞ்சதும் விடியாததுமா?”

“நேத்து சாயங்காலம் தாராவி போயிருந்தேன். நைன்ட்டி ஃபீட் ரோட்ல நீ உக்காந்துண்டு இதே கீரைய பாதி விலைக்கு வித்துண்டிருந்தே! இதோ போட்டோ!”

“தாராவிக்கு எதுக்குப் போனேள்?”ன்னு கேட்டது விஜயலட்சுமி மாமி. சாரோட சம்சாரம்.

“பெல்ட் வாங்க.”

“ஃபாரின்லேர்ந்து ஃப்ரண்ட் கொண்டுவந்து குடுத்தார்னு சொன்னேளே, அந்த பெல்ட்டா?”

சார் காதுல அது விழல. சில கேள்வி அவர் காதுல விழவே விழாது.

“தாராவின்னாலே டூப்ளிகேட்! பேக் டூப்ளிகேட், ஷூ டூப்ளிகேட், இப்போ கீரையும் டூப்ளிகேட்! சாதா கீரைய ஆர்கானிக்னு சொல்லி நம்ம தலையில கட்டறா. இனிமே இந்த கேட்டாண்ட கூடை வரப்படாது!”

பில்டிங்கே எறங்கி வந்துருச்சு. சகாயராணிக்கு இந்த கேட் போச்சுன்னா பொழப்பே போச்சு.

சார் சொன்னா அங்க அப்பீல் கெடையாது. ஞாயித்துக்கெழமையானா கீழ ஹால்ல லெக்சர் குடுக்கற ஆளு அவரு.

“சர்க்கார் என்ன பண்றது? யூரியாவுக்கு மானியம்! சாணிக்கு? பட்டை நாமம்! அப்பறம் இயற்கை விவசாயி எப்படி ஓய் போட்டி போடுவான்? ஏழை எப்படி நல்லதைச் சாப்பிடுவான்?”

‘ஏழை’ன்னு வந்ததும் கர்ச்சீப் வெளிய வரும். டீ வர்ற வரைக்கும் உள்ள போவாது.

மாமி போனை வாங்கி, போட்டோவ ரெண்டு விரலால பெருசாக்கிப் பாத்தாங்க.

“ஏன்னா, இந்தக் கீரையிலயும் பூச்சி ஓட்டை இருக்கே!”

கூட்டம் போனை எட்டிப் பாத்துச்சு. எலையில ஓட்டை இருந்தாத்தான் அந்த பில்டிங்ல கீரை வாங்குவாங்க. பூச்சி கடிச்சா மருந்தடிக்கலன்னு அர்த்தம். பூச்சிதான் அவங்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை.

“ரெண்டும் வசாயில ஒரே தோட்டத்துக் கீரைதான் சார்”னா சகாயராணி.

“அப்போ அங்க ஏன் பாதி விலை?”

“பக்கத்துக் கடையில மருந்தடிச்ச கீரை அந்த வெலதான் சார். கூடச் சொன்னா எவ வாங்குவா? ஆர்கானிக்னு சொன்னா, ‘எம்மா, இது பணக்காரங்க தீனில்லா’ன்னு ஓடிருவாளுவ. அதான் அதப்பத்தி வாயே தொறக்கிறதில்ல. காலையில நீங்க குடுக்கிற வெலையிலதான் தோட்டக்காரருக்குக் கட்டுப்படியாவுது. அதனாலதான் சாயந்தரம் அங்க கொறச்சுப் போட முடியுது.”

சாரோட கை பாக்கெட்டுக்குப் போச்சு. கர்ச்சீப் வந்துருச்சு.

“அம்மா! டெல்லியில உக்காந்திருக்கறவா பண்ணாததை நீ கூடைய வச்சிண்டு பண்ணிட்டே! இந்த கேட் இனிமே உன்னோடது!”

ஒரே கைதட்டல். மாமி விசிலடிக்காத கொறதான்.

மறுநாள் காலையில சகாயராணி ரெண்டு கூடையா கொண்டுவந்து எறக்குனா.

ஒருத்தரும் எறங்கி வரல.

வெயில் ஏறுது, கீரை வாடுது. தண்ணியத் தெளிச்சுத் தெளிச்சு அவ கைதான் ஊறிப்போச்சு.

“என்னண்ணே, எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்களா?”

வாட்ச்மேன் ஒதட்டப் பிதுக்குனான். அவன் ஒருத்தன்தான் ஒரு கட்டு வாங்குனான்.

சாயந்தரம் தாராவி.

கடைய விரிக்கல, அதுக்குள்ள வரிசை நிக்குது. அதுல பாதிப் பேரு மூஞ்சியே தெரியல. ஒருத்தருக்கு மாஸ்க், ஒருத்தருக்கு கூலிங் கிளாஸ், ஒரு அம்மா துப்பட்டாவ மூஞ்சியச் சுத்திக் கட்டியிருக்கு.

தெனம் வாங்குற நுஸ்ரத்து மெரண்டுட்டா. “என்ன ராணிக்கா, இன்கம்டாக்ஸ் ரெய்டா?”

“சும்மா கெட. ஒனக்கு எப்பவும் போல அதே வெலதான். வாங்கிட்டுப் போ ஏட்டி.”

வரிசை நகந்துச்சு. மாஸ்க் போட்ட ஒரு பெரியவர் கொரல மாத்திக் கேட்டாரு. “ரெண்டு கட்டு. பாதி விலைதானே?”

“ஒங்களுக்கு மாட்டுங்கா வெல சார். மாஸ்க்க எறக்கிருங்க, மூச்சு முட்டும்.”

“அதெப்படி? எனக்கு முன்னாடி துப்பட்டா கட்டிண்டு நின்னாளே, அவளுக்கு மட்டும் பாதி விலையா?”

“அவங்களும் முழு வெல குடுத்துட்டுத்தான் போறாங்க. நம்பிக்கை இல்லன்னா, வீட்டுக்குப் போயி மாமிகிட்டயே கேட்டுக்கோங்க சார்.”