அவள் பக்கத்து பிரேக்

கிறீச்சென்று கத்திக்கொண்டே வந்து நின்ற அந்தப் பழைய காரின் முன்சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தான் மெக்கானிக் சிவதாஸ். "பிரேக் பேடு முச்சூடும் தேஞ்சுபோச்சுங்க. இரும்பும் இரும்பும் ஒரசுது. இதை வெச்சுக்கிட்டா மலையெறங்குனீங்க?"

காரை ஓட்டிவந்த தெய்வசிகாமணி பேடுகளை மாற்றச் சொன்னார். புதுப் பேடுகளை மாட்டி முடித்த சிவதாஸ் முன்கதவைத் திறந்து, இடப்பக்க இருக்கைக்குக் கீழே குனிந்து பார்த்தான். "இந்தப் பக்கம் மிதிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்களே, ரப்பர் மேட்டு எப்படிங்க ஓட்டையாச்சு? எடுத்து வீசிரட்டுங்களா?"

"அது கெடக்கட்டும்."

எந்தக் கொண்டை ஊசி வளைவிலும் அவருக்கு முன்பே பிரேக் போட்டுவிடுவாள் அவர் மனைவி சரசு, வெறும் ரப்பர் மேட்டில், வலது காலை ஊன்றி. அதைச் சொல்லிச் சொல்லியே அவளைக் கேலி செய்திருக்கிறார். போன மாசியில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பியபோது, முன்னால் ஏற வந்த சிவதாஸைப் பின்னால் உட்காரச் சொன்னார். மலைப்பாதையில் கொஞ்ச தூரம் ஏறித் திரும்பினார்கள். இறக்கத்தில் முதல் வளைவு வந்தது. பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, அழுத்தாமல், அந்த ஓட்டையையே பார்த்தார்.

"பிரேக்கு, பிரேக்குங்க!" என்று பின்னாலிருந்து கத்தினான் சிவதாஸ்.

"இருப்பா," என்றார். "அவ மொதல்ல போடட்டும்."